இரண்டாவது கையெழுத்து

ஒரு ரயில் இன்ஜினின் பெயர் எங்கள் சங்கத்து நோட்டில் ஏற வேண்டுமென்றால், அந்தப் பெயரை இரண்டு உறுப்பினர்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். யார் என்ன சொன்னாலும் சட்டென்று நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பால்காரர் ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் விரலை விட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறவன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

சங்கம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். மொத்தமே மூன்று பேர். நான் அர்த்தநாரி, சேலம் அம்மாபேட்டையில் ஆறு விசைத்தறி வைத்திருக்கிறேன். தறிக்கூடத்து மாடிதான் சங்கத்துக்கு இடம். இரண்டாவது ஆள் தண்டாயுதபாணி. கடைவீதியில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன், கல்யாணம் ஆகாதவன், விரல்கள் பெண்பிள்ளை விரல் மாதிரி இருக்கும். மூன்றாவது மருதாசலண்ணன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நாமக்கல்லுக்கு ரயிலே கிடையாது. ரயிலே இல்லாத ஊர்க்காரருக்கு ரயில் மேல் இவ்வளவு பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று அவரைச் சீண்டிக்கொண்டே இருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரும் மாடியில் கூடுவோம். மாடி முழுக்கப் பலகை அடித்து, அதன்மேல் தண்டவாளம் போட்டிருந்தோம். நிஜ இன்ஜினில் ஓர் அடி என்பது எங்கள் இன்ஜினில் கால் அங்குலம். தகடு மருதாசலண்ணன் பட்டறையில் வெட்டிப்போட்ட துண்டு. சக்கரத்தைப் பிணைக்கும் தண்டுக்குக் குடைக்கம்பி. மோட்டார் பழைய டேப் ரிக்கார்டரில் கழற்றியது. நுணுக்கமான வேலையெல்லாம் தண்டாயுதபாணி கையில். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தான் என்றால் கூப்பிட்டாலும் காதில் விழாது.

எங்கள் மூன்று பேருக்கும் நீராவி இன்ஜின் மட்டுந்தான். டீசல் வண்டியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மருதாசலண்ணன் காதைப் பொத்திக்கொள்வார். அதைவிடவும் பிடித்தது அவற்றின் பெயர்கள். ரயில்வே கொடுப்பது நம்பர் மட்டும். பெயர் வைப்பது அதை ஓட்டுகிறவர்களும் துடைக்கிறவர்களும். சில இன்ஜின்களில் ஓரமாகச் சின்ன எழுத்தில் ஏதாவது எழுதியிருப்பார்கள். செல்லாண்டி, மின்னல், வீராயி, இப்படி. அதைக் கண்டுபிடித்து நோட்டில் ஏற்றி, அதே இன்ஜினைச் செய்து அதே பெயரை எழுதுவது எங்கள் வேலை.

"பேரில்லாத இன்ஜினு, சாமி தொணைன்னு எழுதாத லாரி மாதிரீங்க தம்பி. அத ரோட்டுல எறக்க மனசு வருங்களா?" என்பார் மருதாசலண்ணன்.

ஆனால் அவர் கொண்டுவந்த பெயரையே நான் தள்ளியிருக்கிறேன். ஜோலார்பேட்டையில் 'ராஜகுமாரி' என்று ஓர் இன்ஜினைப் பார்த்ததாகச் சொன்னார். இரண்டாவது சாட்சி யார் என்றேன். தன் லாரி டிரைவர் என்றார். டிரைவர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை, செல்லாது என்று சொல்லிவிட்டேன். நாலு வருடமாக அந்த ராஜகுமாரியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். பெயர் சொன்ன நாளிலிருந்து நாலு வாரம் தவணை. அதற்குள் இரண்டாவது கையெழுத்து விழாவிட்டால் பெயரை அடித்துவிடுவோம், மறுபடி ஏற்ற முடியாது. இதுவும் நான் போட்டதுதான்.

என் மனைவி சௌந்திரம் மாடிக்கு வருவதில்லை. வரக்கூடாது என்று நான் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. நாலு மணிக்கு மேல்படியில் மூன்று டம்ளர் காபியை வைத்துவிட்டுக் கதவுச் சங்கிலியைத் தட்டிவிட்டு இறங்கிவிடுவாள். தண்டாயுதபாணி டம்ளரில் சர்க்கரை இருக்காது. அவன் சர்க்கரை போடாமல் குடிப்பவன் என்று அவளுக்கு யார் சொன்னது? இது எனக்கு முதலில் உறைக்கவில்லை. பின்னால் உறைத்தபோது ஒரேயடியாக உறைத்தது.

1982-ல் ஆயுத பூஜை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. தண்டாயுதபாணி ஒரு மீட்டர் கேஜ் இன்ஜினைச் செய்து முடித்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். விருத்தாசலம் பாசஞ்சரை இழுக்கிற இன்ஜின், நம்பர் 418-ல் முடியும். பிரித்துப் பலகையில் வைத்ததும் மருதாசலண்ணன் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அடேங்கப்பா! அந்த வேலப்பாட்டப் பாருங்க. பேரு என்னுங்க தம்பி இதுக்கு?"

தண்டாயுதபாணி கதவுப் பக்கம் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். பார்வையை இறக்கிக்கொண்டான்.

"சௌந்திரம்," என்றான்.

மருதாசலண்ணன் சிரித்துவிட்டார். "நம்ம அம்மிணி பேருங்களா? ரயிலுக்கும் அதே பேருங்களா? நல்லாத்தான் இருக்குது போங்க."

நான் சிரிக்கவில்லை. எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். அம்மாபேட்டை ரயில்வே கேட்டில் பார்த்ததாகவும், இன்ஜினில் டிரைவர் ஏறும் படிக்குப் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் இருந்ததாகவும் சொன்னான்.

"ரெண்டாவது சாட்சி?"

"இனிமேத்தாங்க பாக்கணும். நாலு வாரம் இருக்குதே."

அப்போதுதான் அவன் கட்டைவிரல் நகத்தில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். செய்துகொண்டு வந்த இன்ஜினுக்கு அடித்த பெயிண்டாக இருக்கலாம். ஆனால் அந்த இன்ஜினில் இன்னும் பெயர் எழுதவில்லை. நம்பர் மட்டும் வெள்ளையில் இருந்தது. நம்பர் எழுதியபோது ஒட்டியது என்று ஒரு சாதாரண மனிதன் நினைத்திருப்பான்.

அன்று இரவு சாப்பிடும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. ஆயுத பூஜைக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிறு, நான் கீழே நூல்கட்டை எடுக்கப் போய்விட்டுத் திரும்பி வருகிறேன். மாடிப்படித் திருப்பத்தில் தண்டாயுதபாணியும் சௌந்திரமும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் காலடிச் சத்தம் கேட்டுப் பேச்சு அறுந்தது. ஆனால் கடைசி வார்த்தை என் காதில் விழுந்துவிட்டது. "அவருக்குத் தெரிய வேண்டாங்கண்ணா" என்றாள். என்ன என்று கேட்டதற்கு, சுவர்க் கடிகாரம் நின்றுபோச்சு, அதைப் பற்றிக் கேட்டேன் என்றாள். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அன்று ஏதோ வேலையில் விட்டுவிட்டேன்.

இப்போது விடவில்லை. அண்ணா என்று கூப்பிடுவதும், அவன் தங்கச்சி என்று சொல்வதும், சர்க்கரை இல்லாத காபியும், ஓடுகிற கடிகாரமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். குழந்தை இல்லை. அவள் முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே விடை தெரியாது. அவளை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. பயம் என்று ஒப்புக்கொள்ளாமல் கோபம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

சௌந்திரம் வெள்ளிக்கிழமை மாலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போவாள். அந்த வெள்ளிக்கிழமை நான் பின்னாலேயே போனேன். கோயிலுக்குப் போனாள், கும்பிட்டாள், விபூதி வாங்கினாள். ஆனால் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ரயில்வே கேட்டுக்குப் போனாள். நான் ஒரு சாயப்பட்டறைச் சுவருக்குப் பின்னால் நின்றேன். கேட் மூடியிருந்தது. அங்கே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தண்டாயுதபாணி நின்றிருந்தான். இரண்டு பேரும் நாலடி தள்ளித்தான் நின்றார்கள். ஆனால் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாசஞ்சர் புகையோடு வந்து போனது. அவன் இன்ஜினைக் கையால் காட்டி என்னவோ சொன்னான். சௌந்திரம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கரி விழுந்திருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும், அதைவிடப் பார்த்துத் தெரிந்துகொள்வதே மேல் என்பது என் கட்சி. திங்கட்கிழமை தறியை மேஸ்திரியிடம் விட்டுவிட்டு அயோத்தியாப்பட்டணத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே பாசஞ்சர் எதிர்வண்டிக்காகக் கொஞ்ச நேரம் நிற்கும். அதே 418. பிளாட்பாரத்தில் நடந்து முன்னால் போனேன்.

படிக்குப் பக்கத்தில், கைப்பிடிக்குக் கீழே, உள்ளங்கை நீளத்துக்கு 'சௌந்திரம்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் மூன்று இதழில் ஒரு சின்னப் பூ. வெள்ளைப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. எழுதி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. அந்தப் பூவை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று யோசித்தேன். தண்டாயுதபாணி கடையில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. கடிகார முகத்தில் அழிந்த எண்ணை எழுதுகிறவனுக்கு இந்தப் பூ ஒரு வேலையா?

இன்ஜினிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். வயதானவர், தலையில் துண்டு கட்டியிருந்தார். "என்னுங்க, பேரப் பாக்கறீங்களா?" என்று சிரித்த முகமாகக் கேட்டார். ஒரே ஒரு கேள்வி நான் திருப்பிக் கேட்டிருந்தால் போதும். யார் எழுதினது என்று கேட்டிருந்தால் போதும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டேன். என் மனைவி பெயரைப் பற்றி ஊர்பேர் தெரியாத ஆளிடம் எனக்கு என்ன பேச்சு?

திரும்பி வந்து நேரே தபால் ஆபீசுக்குப் போய் ஒரு கார்டு வாங்கினேன். இந்த நம்பர் இன்ஜினில் ஒரு குடும்பப் பெண்ணின் பெயரை எவனோ விஷமத்துக்காக எழுதி வைத்திருக்கிறான், பொதுமக்கள் முகம் சுளிக்கிறார்கள், ரயில்வே மேலதிகாரிகள் உடனே அழிக்க வேண்டும் என்று எழுதினேன். கீழே 'பொதுஜனம்' என்று போட்டேன். எழுத்துத் தெரிந்துவிடக் கூடாதென்று இடது பக்கம் சாய்த்து எழுதினேன். நிம்மதியாக இருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளி வந்து போனது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சௌந்திரம் கோயிலிலிருந்து திரும்பி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். உடம்புக்கு என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள். எனக்குப் புரிந்தது. கார்டு வேலை செய்துவிட்டது. அவள் வாடிய முகத்தைப் பார்த்து எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் வந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

நவம்பர் 28, தவணையின் கடைசி ஞாயிறு. மருதாசலண்ணன் வந்ததும் துண்டை உதறிப் பலகைமேல் போட்டார்.

"இந்த அக்குறும்பக் கேட்டீங்களா? ரெண்டாஞ் சாட்சி நானே சொல்லிப்போடலாம்னு நேத்து பஸ்ஸேறி அயோத்தியாப்பட்டணத்துக்கே போனனுங்க. பேரு இல்லீங்க! அந்த எடத்துல கருப்புப் பெயிண்டத் திட்டா அப்பிப்போட்டாங்க. ஆரோ மொட்டப் பெட்டிசன் போட்டுட்டாங்களாமா. டிரைவரு அழுவாத கொறைங்க."

"திருப்பி எழுதச் சொல்லலாமில்ல?" என்று கேட்டு வைத்தேன்.

"எங்கீங்க எழுதறது? அடுத்த மாசம் அந்த இன்ஜினக் கழிச்சுடறாங்களாமா. ஒடைக்கக் கொண்டுபோற வண்டிக்கு ஆரு பேரெழுதப் போறாங்க."

தண்டாயுதபாணி தன் இன்ஜினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. நான் நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு வரி, வரிக்கு மூன்று கட்டம். பார்த்த நாள், பார்த்த இடம், கையெழுத்து. சௌந்திரத்துக்கு எதிரே முதல் வரி மட்டும் நிரம்பியிருந்தது.

"சட்டம்னா சட்டந்தான். அடிச்சிடலாமா?" என்றேன்.

"அடிக்கறதுக்கு முன்னால ஒரு நிமிசம் இருங்க," என்றான் தண்டாயுதபாணி.

அப்போது சங்கிலி தட்டியது. மணி மூன்றுகூட ஆகவில்லை. காலடிச் சத்தம் இறங்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு சௌந்திரம் உள்ளே வந்தாள். கையில் ஒரு தகரப் பெட்டி. எங்கள் கட்டிலுக்கு அடியில் எட்டு வருடமாகக் கிடக்கிற பெட்டிதான். அவள் பிறந்த ஊரான இளம்பிள்ளையிலிருந்து கொண்டுவந்தது. அதைத் தண்டவாளத்துக்கு ஓரமாகப் பலகைமேல் வைத்து மூடியை எங்கள் பக்கம் திருப்பினாள். மூடியில் வெள்ளை எழுத்தில் 'சௌந்திரம்'. பக்கத்தில் மூன்று இதழ்ப் பூ.

தினமும் தரையைக் கூட்டும்போது அவள் இழுத்து நகர்த்துகிற பெட்டி. பூவை எங்கே பார்த்தேன் என்பது இப்போது தெரிந்தது.

"எங்கப்பா எழுதுனதுங்க," என்றாள் மருதாசலண்ணனைப் பார்த்து. என் பக்கம் திரும்பவில்லை. "எங்கப்பா போர்டு எழுதற பெயிண்டருங்க. எல்லாப் பெயிண்டரும் மூலையில அவிய பேரப் போடுவாங்க. எங்கப்பா என்ற பேரப் போட்டு, பக்கத்துல இந்தப் பூவப் போடுவாரு. பதினேழு வருசத்துக்கு முந்தி, எனக்குப் பத்து வயசுல, ஆயுத பூசைக்கு இன்ஜினுக்கெல்லாம் எழுத்தெழுதக் கூப்புட்டாங்கன்னு என்னையுங் கூட்டிட்டுப் போனாருங்க. எல்லாம் எழுதி முடிச்சுப்போட்டு என்னப் பாத்துச் சிரிச்சாரு. அப்புறம் ஓரமா இத எழுதுனாரு. நாம் பாத்துட்டு நின்னேன்."

"அம்மிணி, அதாச்சே பதினேழு வருசம்! பெயிண்டு எப்பிடி நின்னுச்சு?" என்றார் மருதாசலண்ணன்.

தண்டாயுதபாணி பதில் சொன்னான். "நிக்கலீங்க. டிரைவர்கிட்டக் கேட்டேன். அது எழுதுனதுக்கு அப்புறம் வண்டிக்கு ஒரு கோளாறும் வரலையாம். யாரு பேருன்னு அவங்களுக்குத் தெரியாது. ஏதோ சாமி பேருன்னு நெனச்சுக்கிட்டாங்க. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு, அழிஞ்ச எழுத்து மேலயே திருப்பி எழுதுவாங்களாம். பூவையும் விடாம. டிரைவர் மாறுனாலும் அடுத்தவருகிட்டச் சொல்லிட்டுப் போவாங்களாம்."

ஆயுத பூஜைப் பெயிண்ட். அது பளபளத்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

"இத எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். குற்றவாளியாக நிற்கும்போதுகூட என் வாயில் வந்தது அதட்டல்தான்.

சௌந்திரம் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "சொன்னேனுங்க. கலியாணமான மாசம் சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. இன்ஜினு மேல உம் பேரா, ரெண்டு சாட்சியக் கொண்டா, அப்புறம் நம்பறேன்னு சொன்னீங்க. அதாங்க சாட்சி தேடுனேன். இந்தண்ணன் ஒருத்தரு. மருதாசலண்ணன் இன்னொருத்தரா வருவாருன்னு இருந்தேன். ரெண்டு பேரும் நோட்டுல எழுதுனதுக்கப்புறம் உங்ககிட்டக் காட்டலாம்னு இருந்தேன்."

எனக்கு நினைவே இல்லை. சொன்னது நினைவில்லை, சிரித்தது நினைவில்லை. ஆனால் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்பதில் சந்தேகமில்லை. என் வாழ்க்கையில் நான் சந்தேகப்படாத ஒரே விஷயம் அது.

மருதாசலண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்மிணியே சாட்சி சொல்லட்டுமே தம்பி. பெத்தவரு எழுதறதப் பக்கத்துல நின்னு பாத்துருக்குது."

"உறுப்பினர் இல்லீங்களே," என்றாள் சௌந்திரம். "உங்க ராசகுமாரியத் தள்ளுன சட்டந்தானுங்க இதுக்கும். எனக்காவ ஒண்ணும் மாத்த வேண்டாம். உங்க மூணு பேருல வேற ஆராச்சும் பாத்திருந்தாச் சொல்லுங்க. இல்லீன்னா அடிச்சுப்போடுங்க."

மூன்று பேரில் ஒருவன் பார்த்துவிட்டான். ஒருவர் பார்க்கப் போய்க் கருப்புத் திட்டைப் பார்த்தார். மிச்சம் நான். அவள் தெரிந்துதான் கேட்டாளா? இந்த நேரத்திலும் என் புத்தி அதைத்தான் நோண்டியது. அயோத்தியாப்பட்டணத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஆளைப் பற்றி அந்த டிரைவர் தண்டாயுதபாணியிடம் சொல்லியிருப்பாரோ? அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம். பெயரை அடித்துவிட்டால் மொட்டைப் பெட்டிஷன் போட்டது யார் என்று யாருக்கும் ஒருநாளும் தெரியப் போவதில்லை. கையெழுத்துப் போட்டால் நாளும் போட வேண்டும். கேட்டில் பார்த்தேன், முந்தாநாள் பார்த்தேன் என்று எதையாவது எழுதலாமென்றால், அழித்த பிறகு எப்படிப் பார்த்தாய் என்று வரும். பழைய தேதி எதையாவது போடலாம். அதுவும் தோன்றியது. ஆனால் அந்த நோட்டில் ஒரு பொய்யைக்கூட நான் ஏற விட்டதில்லை. யாரையும் நம்பாதவன் நம்பிய ஒரே பொருள் அந்த நோட்டு.

பேனாவை எடுத்தேன். '8-11-82, அயோத்தியாப்பட்டணம்' என்று எழுதி, அர்த்தநாரி என்று கையெழுத்துப் போட்டேன். நோட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள்.

"எட்டாந் தேதி பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பூவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பாத்துப்போட்டு ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லலியே. ஏனுங்க?"

"பெட்டிஷன் போட்டது நாந்தான்," என்றேன்.

மருதாசலண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

"எதுக்குங்க?" என்றாள்.

என் பார்வை தானாகத் தண்டாயுதபாணி பக்கம் போய்விட்டது. போன பார்வையை இழுத்துக்கொள்வதற்குள் இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள். தண்டாயுதபாணி கண்ணில் செருகியிருந்த லென்ஸை எடுத்துக் கீழே வைத்தான். அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். என்னமோ அவனே தப்புச் செய்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

சௌந்திரம் பெட்டி மூடியிலிருந்த பூவை விரலால் தொட்டாள்.

"எங்கப்பா எழுதுனது ஒரு தடவைங்க," என்றாள். "அதுக்கப்புறம் பதினேழு தடவ ஆரார் எழுதுனாங்களோ, எனக்குத் தெரியாது. என்ன ஆருன்னு அவியளுக்குந் தெரியாது. தெரியாதவிய எல்லாம் எழுதி வெச்சிருந்தாங்க. என்னத் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தருங்க."

அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். தண்டாயுதபாணியிடம் கையை நீட்டினாள். அவன் புரிந்துகொண்டு மெல்லிய பிரஷையும் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவையும் கொடுத்தான். இன்ஜினைத் தன் பக்கம் இழுத்து, படிக்குப் பக்கத்தில், கைப்பிடிக்குக் கீழே, அரிசி அளவு எழுத்தில் தன் பெயரை எழுதினாள். முடித்துப் பக்கத்தில் பூவைப் போட்டாள். எட்டு வருடத்தில் அவளுக்கு எழுத்து இப்படி வரும் என்று நான் பார்த்ததே இல்லை.

பிரஷைத் துடைத்து வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மருதாசலண்ணன் ஜன்னலிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்தார். தண்டாயுதபாணி நோட்டை எடுத்து, இரண்டு கையெழுத்துக்கும் கீழே கோடு இழுத்து மூடினான். சட்டப்படி பெயர் ஏறிவிட்டது. அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று இருந்தது. எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

நாலு மணிக்குச் சங்கிலி தட்டியது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். படியில் ஆளில்லை. இரண்டு டம்ளர் காபி இருந்தது. ஒன்றில் சர்க்கரை இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டையும் எடுத்துவந்து அவர்கள் முன்னால் வைத்தேன்.

மருதாசலண்ணன் ஒரு டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன்னுடையதை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்க தம்பி," என்றார்.

நான் திரும்ப அவர் பக்கமே நகர்த்தினேன். அது எனக்கு வந்த காபி இல்லை.